கடலிற் கண்ட ஒருமை

கல்குடாவின் தெளிந்த நீரிடைக் கிடக்கும் பவளப் பாறைகளை நம்மவர் நெடுங்காலம் கல்லென்றே கருதினர். அவற்றை அகழ்ந்து சுண்ணாம்பு சுட்டோர்க்கும் அவை கல்லே. எண்ணிறந்த சிற்றுயிர்கள் தம் உடலினின்றும் சுரந்து கட்டிய மாளிகையே அக்கல் என்பது உயிர்நூலார் உரைக்கும் உண்மை. இத்தகைய கடலுயிர்களையே வாழ்நாட் பொருளாகக் கொண்டு, நம் இலங்கைக் கடலிலும் வலைவீசித் தத்துவம் தேடியவர், ஜேர்மானியப் பேரறிஞர் ஏர்ண்ஸ்ட் ஹெக்கெல்.

இவர் 1834ஆம் ஆண்டு பெப்புருவரித் திங்கள் 16ஆம் நாள் பொட்ஸ்டாம் நகரிற் பிறந்தார். தந்தையார் விருப்பின்படி மருத்துவம் கற்றுத் தேறினாரேனும், அவர் உள்ளம் கடலையே நாடிற்று. 1859ஆம் ஆண்டிலே இத்தாலி நாட்டு மெசீனாத் துறையிற் சென்று தங்கி, நுணுக்குக்காட்டிக்கன்றிப் புலப்படாத ஆரையுயிர்களை ஆராயத் தொடங்கினார். ஒற்றைக் கலமே உடலாகவுடைய அவ்வுயிர்கள் கண்ணாடி நிகர்த்த கூடுகளைச் சமைப்பன; பொற்கொல்லர் கைவினையும் அவற்றின்முன் நாணும். அவ்வாராய்ச்சி 1862இல் நூலாயிற்று. யேனாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியும் அவரை அடைந்தது.

அவ்வாண்டிலேயே அன்னா சேதே என்னும் நங்கையை மணந்தார். இல்லறம் இரண்டாண்டும் நிரம்பவில்லை. 1864 பெப்புருவரி 16ஆம் நாள், கணவரின் முப்பதாம் பிறந்தநாளன்றே, அன்னா இறந்தார். துயராற்றாது நீஸ் கடற்கரையிலே திரிந்தவர், பாறையிடை நீரில் மிதந்த சொறிமுட்டை ஒன்றைக் கண்டார். நுங்குபோன்ற அதன் உடலினின்று தொங்கிய மெல்லிழைகள் மனைவியின் கூந்தலை நினைவூட்டின. அவ்வினத்துக்கு அன்னாவின் பெயரையே சூட்டினார். அவரிடம் எஞ்சியிருந்த சமயப்பற்றும் இத்துயரோடு நீங்கிற்று. வாழ்வின் பொருள் யாது என்னும் வினாவுக்கு இனி இயற்கையிடமே விடை தேடினார்.

1866ஆம் ஆண்டு வெளிவந்த பெருநூலில், உயிர்கள் தம் சூழலோடு கொள்ளும் உறவினை ஆராயும் துறைக்கு அவரிட்ட பெயரே இன்று சூழலியல் என வழங்குவது. கூர்ப்புக் கொள்கையை நிறுவிய டார்வினையும் அவ்வாண்டிலே அவரில்லஞ் சென்று கண்டார்.

1881 நவம்பர் 21ஆம் நாள், தம் 47ஆம் அகவையில், கொழும்பில் வந்திறங்கினார். மார்கழியில் நம் கீழ்க்கடல் வாடைக்காற்றாற் கொந்தளிக்க, தென்மேற்குக் கடல் அடங்கிக் கிடக்கும். அக்காலத்திலே காலித் துறையிற் பவளங்களை ஆராய்ந்தார். செங்கடற் பவளங்களை முன்னரே கண்டவராதலின், இங்குப் பசுமை மேலோங்கியிருத்தலை வியந்தார். பின்னர் வெலிகாமத்து வாடிவீட்டை ஆய்வுகூடமாக்கி, புறமிதவை பூட்டிய தோணியிலே கடல் சென்று வலையிழுத்தார். வெயிற் கொடுமையால் மெல்லுடல் உயிர்கள் விரைவில் இறந்து குழைந்தன. நிலையாமை என்பது நமக்கு நூலிற் பயின்ற சொல். அவர்க்கோ அது கண்ணாடிக் குப்பியினுள் நிகழ்ந்த காட்சி.

அங்கு அவருக்கு உற்ற துணையாயினான், ஊரார் இழிகுலமென ஒதுக்கிய ரொடியாக் குலத்துச் சிறுவன் ஒருவன். கிரேக்கர் கதையில் வரும் கனிமீட் என்னும் பெயரால் அவனை அழைத்தார். உயிரினங்களைச் சேகரிப்பதில் அவன் உதவியைப் பெரிதும் போற்றினார். அவனைப் பிரிதலே தமக்கு அரிதாயிற்று எனத் தம் பயண நூலிலும் எழுதினார்.

பருப்பொருளும் அறிவும் இருவேறல்ல, ஒன்றன் இரு கூறுகளே என்பது அவர் கொண்ட ஒருமைவாதம். 1899இல் வெளிவந்த உலகப் புதிர் என்னும் நூல் அதனைப் பல நாட்டிற் பரப்பிற்று. உயிரும் உடலும் வேறெனக் கொள்ளும் நம் சைவ நூலார் இதற்கு உடன்படார். ஆயினும், சிப்பி முதலியவற்றை ஈரறிவுயிரென்றும் மாந்தரை ஆறறிவுயிரென்றும் ஒரே வரிசையில் வைத்தெண்ணிய தொல்காப்பியரைப் பயின்ற நமக்கு, உயிர்த்தொடர்ச்சி என்னும் கருத்து முற்றும் புதுமையன்று.

'சலஞ்சர்' என்னும் ஆங்கிலக் கப்பல் உலகக் கடல்களிற் சேர்த்த ஆரையுயிர்களைப் பல்லாண்டு ஆராய்ந்து, மூவாயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட புதிய இனங்களை 1887இல் விரித்துரைத்தார். யேனாவிற் கட்டிய இல்லத்துக்குச் சொறிமுட்டையைக் குறிக்கும் 'மெடூசா' என்னும் பெயரையே இட்டார். 1919 ஓகத்து 9ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

இத்தகையாரிடத்தும் பெருங்குறை உண்டு. அவர் வரைந்த கருவளர்ச்சிப் படங்கள் சில கொள்கைக்கேற்பத் திருத்தப்பட்டவை என்னும் பழி இன்றும் உளது. அதனினும் கொடிது, மாந்த இனங்களை ஏணிப்படிபோல் அடுக்கி ஐரோப்பியரை உச்சியில் வைத்தமை. பிற்காலத்தில் இனவெறியாளர்க்கு அவ்வடுக்கு துணையாயிற்று. சொறிமுட்டையிலும் தம் மனைவியிலும் ஒரே உயிரோட்டம் கண்டவர், தம்மோடு உழைத்த சிறுவனின் நாட்டவரை ஏணியின் கீழ்ப்படியிலே நிறுத்தினார்.

இம்முரண் அவர்க்கு மட்டும் உரியதன்று. எல்லா உயிரும் ஒரு நிகரென ஓதிவிட்டுக் கிணற்றடியிலே குலம் வினவியவர் நம்மிடையும் இருந்தனர். அவரது அறிவைக் கொள்வோம், அவ்வேணியை விடுவோம். பிறரிடம் அதனைக் கண்டு வெறுப்பதினும், நம் முற்றத்தில் நிற்கும் ஏணியை அகற்றுவதே அவர் வாழ்க்கையை வாசித்ததன் பயன்.