தச்சர் செய்த கிதார்

2020 ஜூன் மாதம் அமெரிக்காவில் நடந்த ஏலமொன்றில் பழைய கிதார் ஒன்று 60 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. ராக் பாடகர் கர்ட் கோபேன் 1993இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் வாசித்த கிதார் அது. விலையின் பெரும்பங்கு கோபேனின் புகழுக்கு உரியது. ஆனால், புகழ்பெற்ற எவர் கையும் படாத பழைய கிதார்களையும், மார்ட்டின் என்னும் முத்திரை இருந்தால் போதும், தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். அந்தப் பெயருக்குரியவர் கிதார் செய்யலாமா என்பதே ஒருகாலத்தில் வழக்காக இருந்தது.

கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின் 1796இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், இசைக்கருவிகளுக்குப் பெயர்பெற்ற மார்க்நொய்கிர்ஷன் ஊரில், தச்சர் குடும்பத்தில் பிறந்தார். வியன்னா சென்று, ஸ்டாஃபர் என்னும் புகழ்பெற்ற கைவினைஞரின் பட்டறையில் கிதார் செய்வதில் தேர்ந்தார். ஊர் திரும்பியவருக்குச் சிக்கல் காத்திருந்தது. எந்தப் பொருளை யார் செய்யலாம் என்பதை அன்று தொழிற்குழுக்களே வரையறுத்தன. மார்ட்டின் குடும்பமோ மேசை, அலமாரி செய்யும் தச்சர் குழுவைச் சேர்ந்தது. தாங்கள் கலைஞர்கள், தச்சர்கள் வெறும் மரவேலைக்காரர்கள், ஆகவே கிதார் தங்களுக்கே உரியது என்று வயலின் செய்வோர் குழு வாதிட்டது. கைத்திறனைப் பார்க்காமல் குலத்தைப் பார்க்கும் இந்த வழக்கம் நமக்கும் அந்நியமானதன்று. 1826இல் வலுத்த பூசல் ஆண்டுக்கணக்கில் நீண்டு, முடிவில் தச்சர்களின் உரிமை நிலைத்தது. ஆயினும் மார்ட்டின் அங்கே தங்கவில்லை. 1833இல் குடும்பத்துடன் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

ஹட்சன் தெருவில் கடை வைத்துத் தாம் செய்த கிதார்களோடு இறக்குமதிக் கருவிகளையும் விற்றார். நகர வாழ்க்கை ஒட்டவில்லை போலும். 1830களின் இறுதியில், ஜெர்மன் பேசும் மொராவியக் கிறித்தவர்கள் வாழ்ந்த பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குக் குடிபெயர்ந்தார்.

1840களில் அவரது கிதார்களின் மேற்பலகைக்கு அடியில் பெருக்கல் குறி வடிவில் தாங்குசட்டங்கள் இடம்பெற்றன. இதை அவர் ஒருவரே கண்டறிந்ததாகச் சொல்வது மிகை. அமெரிக்காவில் குடியேறிய வேறு ஜெர்மானியரும் அவ்வாறு செய்தனர். அதைச் செம்மையாக்கி நிலைநிறுத்தியதே அவர் பங்கு. அக்கால கிதார்களுக்கு ஆட்டுக்குடலில் திரித்த நரம்பே பூட்டப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் எஃகுத் தந்தி பரவியபோது, அதன் கடும் இழுவிசையைத் தாங்க அந்த அமைப்பே கைகொடுத்தது. அதைப் பார்க்க மார்ட்டின் இல்லை, 1873இல் காலமாகியிருந்தார்.

நாசரேத்தில் செய்தபோதும் 1898 வரை கிதார்களில் நியூயார்க் என்றே முத்திரை குத்தினார்கள். அவ்வாண்டுதான் வரிசை எண்ணும் தொடங்கியது. பழைய கிதார் வாங்குவோர் அதன் வயதைக் கணிக்க இன்றும் இவ்விரண்டையே முதலில் பார்க்கிறார்கள். அடுத்து மரம். 1969இன் இறுதிவரை உயர்வகைக் கிதார்களின் உடலுக்குப் பிரேசில் ஈட்டி மரம் பயன்பட்டது. அதற்குத்தான் சந்தையில் கூடுதல் விலை. பின்னர் அதனிடத்தைப் பிடித்தது, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்.