முதலமைச்சர் சுப்பராயன்

கொங்கு நாட்டிலிருந்து சென்னை மாகாணத்தின் முதலமைச்சராய் முதன்முதல் உயர்ந்தவர் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன். 1889இல் பிறந்த அவர், 1926 முதல் 1930 வரை கட்சி சாராத அமைச்சரவைக்குத் தலைமை தாங்கினார்.

பதவி பெரிது, அதிகாரம் சிறிது. அந்நாளைய இரட்டையாட்சியில் கல்வி, சுகாதாரம் போன்றவையே அமைச்சர்களுக்கு உரியவை. நிதியும் காவலும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தன. 1928இல் பாரதியின் பாடல் நூல்கள் பறிமுதலாயின. சட்டசபையில் சத்தியமூர்த்தி கண்டித்து முழங்கினார். முதலமைச்சரின் கையிலோ காவல்துறை இல்லை.

பின்னர் சுப்பராயன் காங்கிரசில் சேர்ந்தார். 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் கல்வியையும் சட்டத்தையும் ஏற்றார். 1947இல் ஓமந்தூரார் அமைச்சரவையில் காவல்துறையே அவரிடம் வந்தது. அதே ஓமந்தூரார் அரசு 1949இல் பாரதி பாடல்களின் உரிமையை விலைக்கு வாங்கியது. அப்போது கல்வியமைச்சர், நம் திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம்.

ஆட்சிமொழிக் குழுவின் 1956ஆம் ஆண்டு அறிக்கையில், இந்தித் திணிப்புக்கு உடன்படாமல் சுப்பராயன் தனிக் கருத்துரை வரைந்தார். 1962இல் மகாராட்டிர ஆளுநராய் இருக்கையில் மறைந்தார்.

நெருப்பெரிச்சலில் அச்சமின்றிப் பாரதியைப் பாடும் நாம், முதலமைச்சர் ஒருவரே காக்க இயலாதிருந்த பாடல்கள் அவை என்பதை மறத்தலாகாது.