யார் இந்த பிராண்டிஸ்? சென்னை மாகாணக் காடுகளில் கிராமங்களுக்குப் பங்கு கேட்ட ஜெர்மானியர்

அலிபிரியில் இருந்து திருமலைக்குப் படியேறிப் போயிருக்கீங்களா? வழியெல்லாம் தெரியுமே சேஷாசலம் காடு, அங்கே எந்த மரத்தை வெட்டலாம், எங்கே மாடு மேய்க்கலாம் என்று முடிவு செய்வது யார்? வனத்துறைதான். அடிவாரத்துக் கிராமங்களுக்கு அதில் பேச இடம் உண்டா என்பது சுமார் 140 வருடப் பழைய சண்டை. அன்றைக்குக் கிராமத்தின் பக்கம் பேசியவர், இந்திய வனத்துறையையே கட்டி எழுப்பிய டீட்ரிக் பிராண்டிஸ்.

1824-ல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தவர். தாவரவியல் விரிவுரையாளர். அவர் மனைவியின் சகோதரி, ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஹேவ்லாக்கின் மனைவி. அந்தச் சகலை வழியாகத்தான் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு இவர் பெயர் தெரிந்தது. 1856-ல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகள் இவர் பொறுப்பில் வந்தன. சிபாரிசுதான், ஆனால் ஆளுக்கு வேலை தெரியும். யானை மேல் உட்கார்ந்து காட்டைக் கடந்தபடியே, தேக்கு மரங்களைப் பருமன் வாரியாக எண்ணி, கையில் இருந்த மூங்கில் துண்டுகளில் கத்தியால் கீறிக் கணக்கு வைத்தார். 1864-ல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவர் ஆனார்.

அடுத்து வந்தது சட்டம். காட்டில் விறகு எடுப்பதும் மாடு மேய்ப்பதும் மக்களின் உரிமையா, அரசு காட்டும் சலுகையா? சலுகைதான் என்றார் சக அதிகாரி பேடன் பவல் (சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவரின் அண்ணன், அப்பா ஒருவர், அம்மா வேறு). பிராண்டிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கமே உரிமைதான், எழுதின பத்திரம் தேவையில்லை. அரசுக்கு வேண்டிய காட்டை எடுத்துக்கொண்டு, மீதியைக் கிராமக் காடாக விட வேண்டும் என்பது அவர் கட்சி. 1878 சட்டத்தில் பெரும்பாலும் ஜெயித்தது பேடன் பவல். கிராமக் காடு பற்றி ஓர் அத்தியாயம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சென்னை மாகாணத்தில் கதை வேறு. இங்கே ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு அநேகமாக இல்லை என்று வருவாய் வாரியமே முன்பு எதிர்ப்பு சொல்லியிருந்தது. கடைசியில் 1882-ல் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சமயத்தில் இங்கே அனுப்பப்பட்ட பிராண்டிஸ், மாகாணத்தைச் சுற்றிப் பார்த்து 1883-ல் தன் யோசனைகளை அறிக்கையாகக் கொடுத்தார். கிராமக் காடுகள் வேண்டும் என்பதும் அதில் உண்டு. சட்டத்திலோ அதற்கென ஓர் அத்தியாயம்கூட இல்லை. சித்தூரும் சந்திரகிரியும் அப்போது வட ஆற்காடு மாவட்டம். அங்கேயும் இதே சட்டம்தான்.

நடைமுறை எப்படின்னா, ஒரு காட்டை ஒதுக்கப்போவதாக அறிவிப்பு வரும். உங்களுக்கு அதில் பாத்தியதை இருந்தால் கெடுவுக்குள் அதிகாரியிடம் மனு போடணும். தவறினால் பெரும்பாலும் உரிமை போச்சு. காட்டை எப்படி நடத்துவது என்று உங்களிடம் யாரும் கேட்கப்போவதில்லை.

பிராண்டிஸைத் தியாகியாக்க வேண்டாம். காட்டை ஒதுக்கி வேலி போட்ட அதிகாரியும் அவரேதான். ஆனால் பக்கத்து ஜனம் ஒத்துழைக்காத காட்டைக் காப்பாற்ற முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சேஷாசலத்தில் அந்த இடைவெளியை நிரப்பியது செம்மரக் கடத்தல். 2015 ஏப்ரல் 7-ம் தேதி, மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி சந்திரகிரி அருகே ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரும் நம்ம ஊர்க் கூலிகள்.

1883-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். வழிகாட்டல் கேட்டு வந்த இளைஞர்களில் ஒருவர் கிஃபோர்ட் பின்ஷோ. 1905-ல் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர். அந்தத் துறை காட்டுத் திட்டம் போடும்போது பொதுமக்களைக் கலந்தே ஆகணும் என்று 1976-ல் அங்கே சட்டம் வந்தது. பிராண்டிஸ் 1907-ல் இறந்தார்.

இங்கே காட்டுக்கான திட்டத்தை இன்னும் வனத்துறைதான் எழுதுகிறது. 2006 வன உரிமைச் சட்டம் மட்டும், தங்கள் சமூகக் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அதிகாரம் கொடுக்கிறது. பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம் காட்டை நம்பி அங்கேயே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அதற்கு ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழி வாக்குமூலத்தைப் பதிவு செய்து கொடுத்தாலும் சாட்சியம் என்கிறது அதன் விதி.