குப்பை வண்டிக்காரர்களுக்காக உயிர் கொடுத்த கிங்



இந்த இதழின் மாமனிதர் பகுதிக்கு நான் தேர்ந்தெடுத்திருப்பவர் மார்ட்டின் லூதர் கிங். அவரா, தெரியுமே, அமெரிக்கக் கறுப்பர்களுக்காகப் பாடுபட்டவர், நோபல் பரிசு வாங்கியவர் என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது! ஆனால் அவர் சுடப்பட்டபோது எந்த ஊரில் இருந்தார், எதற்காக அங்கே போனார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? அவர் போனது குப்பை அள்ளும் தொழிலாளர்களின் கூலிக்காக. படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பஸ்ஸில் ஏறாத சமையல்காரம்மாக்கள்

கிங் 1929 ஜனவரி 15-இல் அட்லாண்டா நகரில் பிறந்தார். அப்பா ஒரு சர்ச்சில் போதகர். மகன் படிப்பில் கெட்டி. 15 வயதிலேயே கல்லூரியில் சேர்ந்துவிட்டார். பிறகு அவரும் போதகராகி, மாண்ட்கோமரி என்ற ஊருக்கு வேலைக்கு வந்தார்.

அந்த ஊர் பஸ்ஸில் முன்பக்க இருக்கை வெள்ளையர்களுக்கு, பின்பக்கம் கறுப்பர்களுக்கு. 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற பெண் எழுந்து இடம் தர மறுத்ததால் கைது செய்யப்பட்டார். அவர் ஒரு கடையில் துணி தைக்கும் வேலை பார்த்தவர். உடனே கறுப்பர்கள் யாரும் பஸ்ஸில் ஏறுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். தலைவராக நின்றவர் 26 வயது கிங். போராட்டம் 381 நாள் நடந்தது!

அந்த 381 நாளும் நடந்தே வேலைக்குப் போனவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் வெள்ளையர் வீடுகளில் பாத்திரம் கழுவி, சமைத்து, பிள்ளை பார்த்துக்கொண்ட ஏழைப் பெண்கள். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரம்மா கோழி வறுவலும் கேக்கும் செய்து விற்று, அந்தக் காசைப் போராட்டத்துக்குக் கொடுத்தார். கோர்ட்டில் சாட்சி சொன்னதற்காக அவருக்கு வேலை போனது. வீட்டிலேயே சமைத்து விற்கச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர் கிங்.

நம்ம ஊருக்கும் வந்தார்

1959-இல் கிங் தம் மனைவி கொரெட்டாவுடன் இந்தியா வந்தார். காந்தியடிகள் வாழ்ந்த நாட்டைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. சென்னைக்கும், திண்டுக்கல் பக்கத்தில் இருக்கும் காந்திகிராமத்துக்கும் வந்திருக்கிறார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம் போனபோது, தலைமை ஆசிரியர் இவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று மாணவர்களுக்கு அறிமுகம் செய்தாராம். கிங்குக்கு முதலில் சுருக்கென்று இருந்ததாம். பிறகு தன் நாட்டில் தன் மக்கள் படும் பாட்டை யோசித்துப் பார்த்து, ஆமாம், நானும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாராம். 1965-இல் ஒரு பிரசங்கத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

உரிமை மட்டும் போதுமா?

1963 ஆகஸ்ட் 28-இல் வாஷிங்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். கிங்கின் புகழ்பெற்ற கனவுப் பேச்சு அங்கேதான். அந்தப் பேரணியின் பெயரிலேயே வேலை என்ற சொல்லும் சுதந்திரம் என்ற சொல்லும் சேர்ந்தே இருந்தன. மணிக்கு 2 டாலராவது கூலி வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று. பேச்சு நமக்கு நினைவிருக்கிறது, அந்த 2 டாலர்தான் மறந்துபோச்சு!

1964-இல் 35 வயதில் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசுப்பணம் சுமார் 54,000 டாலரையும் போராட்டத்துக்கே கொடுத்தார். 1966-இல் சிகாகோ நகரின் ஏழைகள் பகுதியில் குடியேறினார். அதே ஆண்டு அந்த நகரில் மருத்துவர்கள் நடத்திய ஒரு கூட்டத்தில், எல்லா அநியாயங்களிலும் மிகக் கொடியது ஏழைக்கு வைத்தியம் மறுக்கப்படுவதுதான் என்ற கருத்தைச் சொன்னார். 1968 மார்ச் 10-இல் நியூயார்க்கில் ஆஸ்பத்திரித் தொழிலாளர் சங்கத்தில் பேசினார். ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர்கள், துணி துவைப்பவர்கள், சமையலறையில் நிற்பவர்கள் அந்தச் சங்கத்தில் இருந்தார்கள்.

மெம்பிஸ்

அப்போது மெம்பிஸ் நகரில் சுமார் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் கறுப்பர்கள். வீட்டுக் கொல்லைப்புறம் போய்க் குப்பையை ஓட்டைத் தொட்டியில் அள்ளித் தலையிலும் தோளிலும் சுமந்து வருவார்கள். அழுகல் தண்ணீரும் புழுவும் மேலே ஒழுகும். பெரும்பாலோருக்கு மணிக்கு 2 டாலர்கூடக் கூலி கிடையாது. வாரம் முழுக்க உழைத்த பிறகும் பல குடும்பங்கள் ஏழைகளுக்கான அரசு உதவியை வாங்கித்தான் சாப்பிட்டன.

1968 பிப்ரவரி 1, நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள் குப்பை லாரியின் பின்பக்கத்தில் ஒதுங்கி நின்றார்கள். குப்பையை அமுக்கும் இயந்திரம் பழுதாகித் தானே ஓடி, இருவரையும் நசுக்கிவிட்டது. அவர்களுக்கு இன்சூரன்ஸ் இல்லை. நகராட்சி கொடுத்தது ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டாலரும் மட்டும்தான். பிப்ரவரி 12 முதல் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகவில்லை. மேயர் ஹென்றி லோப் சங்கத்தை ஏற்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். தொழிலாளர்கள் நானும் மனிதன் என்ற பொருளில் அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். யோசிச்சுப் பாருங்க, ஒரு மனிதன் தன்னை மனிதன் என்று எழுதி மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது!

மார்ச் 18-இல் கிங் வந்து பேசினார். அன்று அவர் சொன்னவற்றில் இரண்டு விஷயம் என் மனதில் நின்றுவிட்டது. ஒன்று, ஓட்டலில் எல்லோரும் சமமாக உட்காரும் உரிமை கிடைத்தாலும், வாங்கிச் சாப்பிடக் காசில்லை என்றால் என்ன பயன் என்று கேட்டார். இரண்டாவது, குப்பை அள்ளுபவர் டாக்டருக்குச் சமம் என்றார். அவர் வேலை செய்யாவிட்டால் ஊரெல்லாம் நோய்தானே! ஊருக்கு நோய் வராமல் காப்பவருக்கே உடம்புக்கு முடியாவிட்டால் பார்க்க வழியில்லை. இது எந்த ஊர் நியாயம்?

மார்ச் 28-இல் கிங் முன்னால் நடந்த ஊர்வலத்தில் கலவரம் வெடித்தது. லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையன் போலீஸ் குண்டுக்குப் பலியானான். நம்ம வயசு! கிங் மனம் உடைந்துபோனார். ஆனாலும் அமைதி வழியில் ஊர்வலம் நடத்தியே தீர வேண்டும் என்று ஏப்ரல் 3-இல் திரும்பி வந்தார். அன்றிரவு புயல் மழை. களைத்துப் போயிருந்தும், கூட்டம் காத்திருக்கிறது என்று போன் வந்ததும் கிளம்பிப் போய்ப் பேசினார். அதுவே அவரது கடைசிப் பேச்சு. மறுநாள் மாலை 6 மணிக்கு, லொரெய்ன் என்ற விடுதியின் மாடியில் நின்றிருந்தபோது சுடப்பட்டார். வயது 39.

அதன் பிறகு

நான்கே நாளில், ஏப்ரல் 8 அன்று, கொரெட்டா அம்மையார் துக்கத்தை அடக்கிக்கொண்டு மெம்பிஸில் ஆயிரக்கணக்கானோருடன் மௌன ஊர்வலம் போனார். ஏப்ரல் 16-இல் நகராட்சி இறங்கி வந்தது. சங்கத்தை ஏற்றது. கூலி மணிக்கு முதலில் 10 சென்ட், பிறகு 5 சென்ட் உயர்ந்தது. ஒரு டாலருக்கு 100 சென்ட். ஆக 15 சென்ட்! தொகை சின்னதுதான். ஆனால் இனி நகராட்சி தங்களோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும் என்பது அவர்களுக்குப் பெரிய வெற்றி. 1969-இல் சார்ல்ஸ்டன் நகரில் மணிக்கு 1.30 டாலர் வாங்கிய ஆஸ்பத்திரிப் பெண் தொழிலாளர்கள் போராடியபோதும் கொரெட்டா துணை நின்றார். அங்கும் கூலி உயர்ந்தது.

மெம்பிஸ் தொழிலாளர்கள் பலருக்கு வயதான காலத்தில் நகராட்சி ஓய்வூதியம் இல்லை. 2017-இல்தான், அதாவது 49 ஆண்டு கழித்து, அப்போது உயிரோடு இருந்தவர்களுக்கு நகராட்சி தலா 50,000 டாலருக்குக் குறையாமல் கொடுக்க முன்வந்தது. பாதிப் பேர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது நண்பர்களே, 1,300 பேரில் மிஞ்சியிருந்தது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

கிங்கின் படத்தை வரைவது எளிது. நம் பள்ளியைக் கூட்டுகிறவருக்கும் கழிவறை கழுவுகிறவருக்கும் மாதச் சம்பளம் எவ்வளவு, உடம்பு சரியில்லாத நாளில் சம்பளம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். அவர் பிறந்தநாளைக் கொண்டாட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு