புச்சி பாபு நாயுடு

மோதவரப்பு வேங்கட மகிபதி நாயுடு (1868 – 1908) சென்னையைச் சேர்ந்த துடுப்பாட்ட வீரரும் விளையாட்டுப் புரவலரும் ஆவார். புச்சி பாபு என்னும் பெயராலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார். 1888 ஆம் ஆண்டில் மதராசு யுனைட்டெட் கிளப் என்னும் கழகத்தை நிறுவிய இவர், தென்னிந்தியத் துடுப்பாட்டத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார். நகரின் பெயரைத் தாங்கிய அணியில் அந்நகர மக்களுக்கு இடமில்லாதிருந்த காலத்தில், அவர்கள் தம்முடையது என்று சொல்லி ஆதரிக்கத்தக்க ஓர் அணியை உருவாக்கியதே இவருடைய முதன்மையான பணியாகும்.

பின்னணி

கிரிக்கெட் எனப்படும் துடுப்பாட்டம் ஆங்கிலேயர் வழியாகச் சென்னைக்கு வந்தது. மதராசு கிரிக்கெட் கிளப் 1846 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பின்னர் அது சேப்பாக்கத்தில் தனக்கென ஒரு திடலை அமைத்துக்கொண்டது. உறுப்பினர் அனைவரும் ஐரோப்பியர். நகர மக்கள் திடலின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம். ஆனால் ஆடுவோரில் அவர்களுடைய தெருவைச் சேர்ந்தவர், உறவினர், உடன் படித்தவர் என்று எவரும் இலர். இந்நிலையில் உள்ளூர் அணிக்கு உள்ளூர் மக்களின் ஆதரவு இல்லாதிருந்ததில் வியப்பொன்றும் இல்லை.

பம்பாயில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே பார்சிகள் 1848 ஆம் ஆண்டிலேயே ஓரியண்டல் கிளப் என்னும் கழகத்தை ஏற்படுத்தி, 1886, 1888 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்துக்கும் சென்று ஆடினர். சென்னையில் அத்தகைய முயற்சிக்குப் பணமும் ஆட்டத்தில் பற்றும் ஒருங்கே உடைய ஒருவர் தேவைப்பட்டார்.

இளமை

புச்சி பாபு செல்வம் மிக்க தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். பாட்டனார் மோதவரப்பு தேரா வேங்கடசாமி நாயுடு, பாரி நிறுவனத்தின் துபாசியாக இருந்து பெரும்பொருள் ஈட்டியவர். துபாசி என்பவர் ஐரோப்பிய வணிகருக்கும் உள்ளூர் வணிகருக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் செயல்பட்டவர் ஆவார். மயிலாப்பூரை அடுத்த லஸ் பகுதியில் இருந்த குடும்ப மாளிகையில் ஆங்கிலேயச் செவிலியரின் கண்காணிப்பில் வளர்ந்தமையால், ஆங்கிலேயரின் விளையாட்டுகள் சிறுவயதிலேயே இவருக்கு அறிமுகமாயின. துடுப்பாட்டம், டென்னிசு, குதிரையேற்றம் ஆகியவற்றில் இவருக்கு ஈடுபாடு இருந்தது.

மதராசு யுனைட்டெட் கிளப்

ஐரோப்பியரின் கழகத்துக்கு எதிராக ஆட வந்த இந்தியர் ஆட்டக்காரர் மாடத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. உணவு இடைவேளையில் ஐரோப்பியர் மாடத்தில் அமர்ந்து உண்ண, இந்தியர் திடலோரத்து மர நிழலில் அமர்ந்து உண்டனர். ஆடுகளத்தில் சமமாக நின்றவர்களை உணவு வேளையில் பிரித்த இவ்வழக்கம் புச்சி பாபுவைப் பெரிதும் உறுத்தியது. இதற்கு மாற்றாக இந்தியரே நடத்தும் கழகம் ஒன்றை அமைக்கத் தம் நண்பர்களுடன் முனைந்தார். அவ்வாறு 1888 ஆம் ஆண்டில் பிறந்ததே மதராசு யுனைட்டெட் கிளப் ஆகும். அப்போது இவருக்கு வயது இருபது.

கழகத்துக்கு எஸ்பிளனேடு பகுதியில் திடல் கிடைத்தது. இடம் கிடைத்தது தொடக்கம் மட்டுமே. மட்டை, கையுறை, காற்காப்பு, வெள்ளை உடை ஆகியவை சாதாரண குடும்பத்து இளைஞர்களுக்கு எட்டாத விலையில் இருந்தன. புச்சி பாபு தம் சொந்தச் செலவில் இவற்றை வாங்கி அளித்ததோடு, இளைஞர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். இவருடைய பணிகளுள் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், ஒருவேளை மிகுந்த பயன் விளைத்ததும் இதுவே எனலாம். திறமையுள்ளவன் கருவி இல்லாமையால் ஒதுங்கி நிற்கும் நிலை இதனால் ஓரளவு மாறியது.

காலப்போக்கில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஆகிய பகுதிகளிலும் கழகங்கள் வலுப்பெற்றன. ஒரு பகுதியின் அணி மற்றொரு பகுதியின் அணியோடு மோதும்போது, அந்தந்தப் பகுதியினர் தத்தம் அணியின் பக்கம் நிற்பது இயல்பு. சென்னையில் ஆட்டத்துக்கான உள்ளூர் ஆதரவு இப்படிக் கீழிருந்தே வளர்ந்தது. சேப்பாக்கத்திலிருந்து இறங்கி வரவில்லை.

மாகாணப் போட்டி

யுனைட்டெட் கிளப் வலுவடைந்தபின், ஐரோப்பியரும் இந்தியரும் ஆண்டுதோறும் சேப்பாக்கத்தில் மோதும் போட்டி ஒன்றை ஏற்படுத்தப் புச்சி பாபு விரும்பினார். மதராசு கிரிக்கெட் கிளப்பின் முதன்மையானவர்களுள் ஒருவரான பார்ட்ரிட்ஜ் என்பவருடன் பேசி இணக்கமும் பெற்றார். முதல் போட்டியை 1908 டிசம்பரில் நடத்துவது என முடிவாயிற்று. ஆனால் அதைக் காண அவர் உயிருடன் இல்லை. போட்டிக்குச் சற்று முன்னர், நாற்பது வயதளவில் அவர் காலமானார். ஏற்பாடு செய்தவர் மறைந்தபோதிலும் போட்டி கைவிடப்படவில்லை.

1915–16 பருவம் முதல் இப்போட்டி முதல்தரத் தகுதியுடன் நடைபெற்றது. பொங்கல் விடுமுறையை ஒட்டி நடந்தமையால் பொங்கல் போட்டி என்றும் வழங்கப்பட்டது. பண்டிகைக் காலத்தில் மக்கள் ஓய்வாக இருந்தமை கூட்டம் சேர்வதற்குப் பெரிதும் உதவியது. 1920–21 பருவத்துப் போட்டியில் சி. கே. நாயுடு அடித்த பந்து திடலைக் கடந்து வெளியே ஒரு தென்னை மரத்தருகே விழுந்தது எனக் கூறப்படுகிறது. சென்னையின் பழைய இரசிகர்கள் நெடுங்காலம் சொல்லிவந்த கதைகளுள் இதுவும் ஒன்று.

பம்பாயின் போட்டிகளுக்கும் சென்னையின் போட்டிக்கும் இடையே முக்கியமான வேறுபாடு உண்டு. பம்பாயில் பார்சி, இந்து, முசுலிம் எனச் சமய அடிப்படையில் அணிகள் பிரிந்தன; பார்வையாளரும் அவ்வாறே பிரிந்தனர். அப்பிரிவினையைக் காந்தி 1940 ஆம் ஆண்டில் எதிர்த்தார். 1946 ஆம் ஆண்டோடு அப்போட்டிகள் முடிவுக்கு வந்தன. சென்னையில் ஐரோப்பியருக்கு எதிரே நின்றது இந்தியர் என்னும் ஒரே அணியாகும். ஆகவே எந்தச் சமயத்தைச் சேர்ந்தவரும் அதைத் தம் அணியாகக் கருத முடிந்தது. கல்கத்தாவில் 1911 ஆம் ஆண்டில் மோகன் பகான் கால்பந்து அணி, கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவை 2–1 என வென்று கேடயம் பெற்றபோது நகரமே திரண்டது போன்ற ஒரே நாள் எழுச்சி சென்னையில் நிகழவில்லை. இங்கே ஆதரவு மெல்ல மெல்லவே கூடியது.

நகருக்கு வெளியிலிருந்தும் வீரர்கள் வந்தனர். திண்டிவனத்துக்கு வடக்கே, மதுராந்தகத்தை அடுத்த மொரப்பாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்த மொ. ஜோ. கோபாலன் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். இந்தியாவுக்காகத் துடுப்பாட்டம், வளைதடிப் பந்தாட்டம் ஆகிய இரண்டிலும் ஆடிய இவர், 1936 ஆம் ஆண்டில் பெர்லின் ஒலிம்பிக்கைத் தவிர்த்து இங்கிலாந்துக்குச் சென்ற துடுப்பாட்ட அணியில் சேர்ந்தார். அங்கு ஒரு தேர்வுப் போட்டியிலும் ஆடும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை.

பிற்காலம்

ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டி 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னை, மைசூர் அணிகளுக்கிடையே நடைபெற்றது. அ. க. ராம்சிங் இரு ஆட்டங்களிலுமாக 11 இலக்குகளைக் கைப்பற்ற, போட்டி ஒரே நாளில் முடிந்தது. விடுதலைக்குப்பின் ஐரோப்பியரின் எண்ணிக்கை குறைந்ததால் மாகாணப் போட்டி பொருளிழந்து 1952 ஆம் ஆண்டுடன் நின்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் சேப்பாக்கத்திலேயே இந்தியா இங்கிலாந்தை வீழ்த்தித் தன் முதல் தேர்வுப் போட்டி வெற்றியைப் பெற்றது. அதன்பின் சேப்பாக்கத்தின் பெருங்கூட்டம் பன்னாட்டுப் போட்டிகளுக்கும், 2008 ஆம் ஆண்டு முதல் ஐ.பி.எல். போட்டிகளுக்கும் உரியதாயிற்று. மாநில அணி ஆடும் ரஞ்சிப் போட்டிகளிலோ பெரும்பாலும் இருக்கைகள் வெறுமையாகவே கிடக்கின்றன. மர நிழலில் உண்டவர்கள் எந்த அணிக்காகப் போராடினார்களோ, அதன் வழிவந்த அணிக்கே இந்நிலை வாய்த்துள்ளது.

குடும்பம்

புச்சி பாபுவின் மக்களும் விளையாட்டில் சிறந்து விளங்கினர். பாலையா, பட் ஆகியோர் சென்னையில் பெயர்பெற்ற துடுப்பாட்டக்காரர்கள். மற்றொரு மகனான கோட்டா இராமசாமி (பிறப்பு: 1896) வேறு குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டமையால் அவர் பெயரின் முன்னொட்டு வேறுபடுகிறது. அவர் 1922 ஆம் ஆண்டில் டேவிசுக் கோப்பை டென்னிசில் இந்தியாவுக்காக ஆடினார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, தம் நாற்பதாம் வயதில் மான்செசுட்டரில் முதல் தேர்வுப் போட்டியில் களமிறங்கி 40, 60 ஓட்டங்களை எடுத்தார். 1985 ஆம் ஆண்டில் வீட்டைவிட்டு வெளியேறிய அவர் திரும்பி வரவில்லை.

நினைவுச் சுற்றுப்போட்டி

புச்சி பாபுவின் நினைவாக 1909–10 பருவத்தில் சுற்றுப்போட்டி ஒன்று தொடங்கப்பட்டது. முதலில் உள்ளூர்க் கழகங்களுக்கிடையே நடந்த இப்போட்டி, 1960களில் பிற மாநில அணிகளும் கலந்துகொள்ளும் அழைப்புப் போட்டியாக விரிந்தது. ரஞ்சிப் பருவத்துக்கு முன்னர் நடைபெறுவதால் மாநில அணிகளுக்கு இது நல்ல பயிற்சிக் களமாக இருந்துவந்துள்ளது. சில ஆண்டுகள் தடைப்பட்டிருந்த இப்போட்டி 2023 ஆம் ஆண்டில் புத்துயிர் பெற்றபோது சென்னையில் நடத்தப்படவில்லை. கோயம்புத்தூர், சேலம், திருநெல்வேலி ஆகிய நகரங்களிலும் திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்திலும் நடத்தப்பட்டது.