சுழற்சியை அளந்த ஹைகென்ஸ்

கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டிச் சுழற்றினால் கயிறு விறைத்து நிற்கும். வேகம் கூடக்கூடக் கையில் உணரும் இழுப்பும் மிகும். கவண் எறிந்த பழங்கால மக்களும் இதனை அறிந்திருந்தனர். ஆயினும் அவ்விழுப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுக் காட்டியவர் கிறித்தியான் ஹைகென்ஸ் என்னும் டச்சு அறிஞர் ஆவார்.

இவர் 1629ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் பிறந்தார். தந்தையார் கான்ஸ்டன்டைன் கவிஞர். அரசுத் தூதுப் பணிகளிலும் ஈடுபட்டவர். எட்டு வயதில் தாயை இழந்த ஹைகென்ஸ், வீட்டிலேயே இசையும் கணிதமும் பயின்றார். 16ஆம் வயதில் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சட்டமும் கணிதமும் கற்றார். தந்தையார் மகனைத் தூதராக்க விரும்பினார். மகனின் உள்ளமோ கணிதத்தையே நாடியது.

தமையனாருடன் சேர்ந்து தாமே தேய்த்த வில்லைகளால் தொலைநோக்கி அமைத்து, 1655இல் சனிக்கோளின் பெரிய துணைக்கோளாகிய டைட்டனைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டில் ஊசல் கடிகாரத்தை உருவாக்கினார். அதற்கு முன்பு கடிகாரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 15 நிமிடம் வரை பிழைபட்டன. அப்பிழை சில நொடிகளாகச் சுருங்கியது.

அக்காலத்தில் அறிஞரிடையே ஒரு பெரும் வழக்கு நிலவியது. பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று கோப்பர்னிக்கசைப் பின்பற்றியோர் கூறினர். அவ்வாறாயின் மக்களும் மரங்களும் வீடுகளும் வானில் வீசி எறியப்படாமல் இருப்பது எவ்வாறு என்று மறுப்போர் வினவினர். விடை கூறச் சொல் போதாது, அளவு வேண்டும்.

1659இல் ஹைகென்ஸ் அந்த அளவைக் கண்டார். ஒரே வட்டத்தில் சுழலும் பொருளின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். வேகம் மாறாமல் வட்டத்தின் ஆரம் இரு மடங்கானால் விசை பாதியாகும். இவ்விசைக்கு அவர் மையவிலக்கு விசை எனப் பெயரிட்டார். நிலநடுக்கோட்டில் நிற்பவர் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறார். ஆனால் பூமியின் ஆரமோ ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர். ஆகவே அவ்விசை அவரது எடையில் ஏறத்தாழ 300இல் ஒரு பங்கே ஆகும். பூமி நம்மை எறிந்துவிடாது. எடையைச் சிறிதே குறைக்கும்.

இவ்விதிகளை 1673இல் தம் கடிகார நூலின் இறுதியில் நிறுவல் இன்றி வெளியிட்டார். நிறுவல்களோ அவர் மறைந்த பின்னர் 1703இல்தான் அச்சேறின.

1687இல் நியூட்டன் இச்சிந்தனையை மேலும் வளர்த்தார். கயிறு அறுந்தால் கல் மையத்திலிருந்து நேர் வெளியே பாய்வதில்லை. அக்கணத்தில் சென்ற திசையிலேயே, தொடுகோட்டின் வழியே, நேராகச் செல்லும். எனவே கல்லை வட்டத்தில் வளைத்து வைத்திருப்பது உள்நோக்கிய இழுப்பே என விளக்கினார். ஹைகென்சின் சொல்லுக்கு இணையாக அதனை மையநோக்கு விசை என்றழைத்தார்.

பாரிசில் பல்லாண்டுகள் அறிவியற் கழகத்தில் பணியாற்றிய ஹைகென்ஸ், உடல்நலம் குன்றி 1681இல் தாயகம் திரும்பினார். 1695 ஜூலை 8ஆம் நாள் காலமானார். 2005இல் டைட்டனில் இறங்கிய விண்கலத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

சொற்பொருள்
வழக்கு – விவாதம்
நிறுவல் – உண்மையெனக் காட்டும் சான்று
தமையனார் – அண்ணன்
ஆரம் – வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்பு வரையுள்ள தொலைவு

பயிற்சி
1. பூமியின் சுழற்சியை மறுத்தோர் எழுப்பிய வினா யாது?
2. வேகம் மும்மடங்கானால் விசை எத்தனை மடங்காகும்?
3. சுழலும் கல்லின் கயிறு அறுந்தால் கல் எத்திசையில் செல்லும்? படம் வரைந்து காட்டுக.
4. பேருந்து வளைவில் திரும்பும்போது நீவிர் உணர்வதை ஐந்து வரிகளில் எழுதுக.