ஒரு கட்டுரை, முப்பது ஆண்டுகள்

இங்கிலாந்தின் லங்காஷயரில் துணி அச்சுத் தொழிற்சாலைச் சிறுவனாக வாழ்வைத் தொடங்கியவர் டாம் ஸ்டீஃபன்சன். 13 வயதில் பெண்டில் குன்றின் உச்சியிலிருந்து அவர் கண்ட மலைகள் அவரை வாழ்நாளெல்லாம் விடவில்லை. முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறை சென்றார். நிலவியல் பயிலக் கிடைத்த உதவித்தொகையையும் இழந்தார். பின்னர் இதழாளரானார்.

பென்னைன் மலைகளின் மேட்டுநிலங்களில் பெரும்பகுதி அன்று செல்வந்தர்களின் பறவை வேட்டைக்களம். சாமானியர் நுழைந்தால் காவலாட்கள் விரட்டினர். 1932-இல் கிண்டர் ஸ்கௌட் குன்றில் தடையை மீறித் திரளாக நடந்தவர்களில் ஐவர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். மூன்றாண்டுகள் கழித்து, 'டெய்லி ஹெரால்டு' நாளிதழில் ஸ்டீஃபன்சன் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையைப்போல, பீக் மாவட்டத்திலிருந்து செவியட் குன்றுகள்வரை பொதுமக்களுக்கு ஒரு நெடும்பாதை வேண்டும் என்றார்.

நாளிதழ்க் கட்டுரையால் என்ன ஆகிவிடும் என்பவர்கள் உண்டு. இந்தக் கட்டுரைக்கு விடை கிடைக்க 30 ஆண்டுகள் ஆயின. 1948-இல் நாடாளுமன்ற உறுப்பினர்களையே அழைத்துச் சென்று மலையில் நடக்கவைத்தார். அடுத்த ஆண்டு தேசியப் பூங்காக்கள் சட்டம் வந்தது. ஆனாலும், வழியுரிமையைத் துண்டு துண்டாகவே பெற வேண்டியிருந்தது. நடையர் சங்கச் செயலாளராக 20 ஆண்டுகள் அவர் ஓயவில்லை.

1965 ஏப்ரல் 24 அன்று மால்ஹாமில் பென்னைன் வழி திறக்கப்பட்டது. மூன்று தேசியப் பூங்காக்களின் ஊடாக ஏறத்தாழ 430 கி.மீ. நீளும் பாதை அது. ஸ்டீஃபன்சன் 1987-இல் மறைந்தார். திரண்டு வந்த கால்களே பின்னர் சதுப்புநிலத்தைச் சேறாக்கின. மண்ணைக் காக்க அங்கே இப்போது கற்பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றில் பல, மூடப்பட்ட பழைய ஆலைகளின் தரையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவை.